போட்டது போட்டபடி

அமுதா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். கன்னத்தில்கூடக் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. வாய் ஓயாமல் பேசுகிறாய், நடுநடுவே சிரிக்கிறாய். அதையெல்லாம் பார்த்ததிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். பெற்ற மகள் நன்றாக இருப்பதைப் பார்த்து எந்த அப்பனுக்காவது வயிறு எரியுமா என்று கேட்பாய். எரிகிறதே, நான் என்ன செய்ய? மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றை எழுத எனக்கு வராது. இத்தனை வயதுக்குமேல் அதைப் பழகிக்கொள்ளவும் முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஒரகடத்தில் ஒரு புது வீட்டுக்கு ஒயரிங் பார்க்க வந்தவர், அப்படியே மொபெட்டைத் திருப்பிக்கொண்டு நம் வீட்டுக்கும் வந்தார். காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "மாமா, அமுதாவுக்குத் தாம்பரத்துல வேலை கிடைச்சிருக்கு. சட்டை தைக்கிற கம்பெனி. காலைல விடியறதுக்குள்ள பஸ்ஸைப் புடிக்கணும். எங்க வூட்ல ஒண்ணைத் தேடினா ஒண்ணு கிடைக்க மாட்டேங்குது. நீங்க எப்படி வூட்டை இப்படி வெச்சிக்கினு கீறீங்கன்னு எழுதித் தரச் சொல்லுச்சு" என்றார். நான் சிரித்துவிட்டேன். யார் யாரிடம் கேட்கிறது? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வீடெல்லாம் துண்டைத் தேடியவன் நான். பிள்ளைப்பாக்கத்தில் இந்தக் கதை தெரியாதவர்கள் கிடையாது. ஆனாலும் நீ கேட்டுவிட்டாய். உன் மாமியாரிடம் கேட்காமல் என்னிடம் கேட்டாய். அந்த ஒரு சந்தோஷத்துக்காகவே எழுதுகிறேன். நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உனக்கு வேண்டியதை நடுவிலிருந்து எடுத்துக்கொள்.

உன் அம்மா போனபோது நீ ஏழாம் வகுப்பு. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். மறைமலை நகருக்குப் போகிற கம்பெனி பஸ் ரோட்டு முனையில் நின்று ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் பேட்ஜைத் தேடிக்கொண்டிருந்தேன். அது இல்லாமல் கேட்டில் உள்ளே விட மாட்டார்கள். தலையணையைத் தூக்கிப் பார்த்தேன், அரிசிப் பானைக்குப் பின்னால் பார்த்தேன், கடைசியில் அழுகையே வந்துவிட்டது. நீ ஒரு பக்கம் பின்னிய ஜடையோடு வந்து நின்று, "கடைசியா எந்தச் சட்டைப்பா போட்டிருந்த?" என்று கேட்டாய். நேராக அழுக்குத் துணிக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தாய். சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்திருந்தது. "இனிமே வூட்டுக்குள்ள வந்தா மொதல்ல பேட்ஜை இதுல மாட்டு. மாட்டாம செருப்பைக் கழட்டக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாய். குரல் அப்படியே உன் அம்மா குரல். பேட்ஜை மாட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினேன்.

அன்றிலிருந்து நம் வீடு உன் கையில் ஓடியது. பழைய காலண்டர் தாளைக் கிழித்து மிளகாய், தனியா, சீரகம் என்று எழுதிச் சோற்றுப் பருக்கையால் டப்பாக்களில் ஒட்டினாய். நான் எழுந்திருக்கும்போதே யூனிபார்ம் மடித்துக் கட்டில் காலடியில் இருக்கும். டிபன் பாக்ஸ் மூடி மாறிப் போனதே கிடையாது. மண்ணெண்ணெய் தீர்ந்து ஒரு நாளும் பக்கத்து வீட்டுக்கு ஓடவில்லை. நான் பஸ்ஸில் பெருமை அடித்துக்கொள்வேன். என் பக்கத்து சீட்டு பலராமன் பெருமூச்சு விடுவான். "உனக்கு இன்னாப்பா, வூட்லயே ஒரு சூப்பர்வைசர் கீது. என் வூட்டுப் பசங்க சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாது" என்பான். "அது பொறக்கும்போதே அப்படிப்பா" என்பேன் நான். அவன் பொறாமைப்படுவதைப் பார்த்தால் அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை பாரமாகவே தெரியாது.

தை மாதம் உன் கல்யாணம் முடிந்தது. நீ படப்பைக்குப் போனாய். நம் வீடு ஒரே வாரத்தில் குப்பைமேடாகிவிட்டது. கம்பெனியில் என் லேத்துக்குப் பக்கத்தில் டூல் எல்லாம் சிறிசு பெரிசாக வரிசையில் நிற்கும். ஒன்றை எடுத்தால் துடைத்து அதே இடத்தில்தான் வைப்பேன். வீட்டுக்கு வந்தால் அந்தப் புத்தி எங்கே போகுமோ தெரியாது. காப்பியில் உப்பைப் போட்டேன். ஒரு கால் சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொரு காலோடதைத் தேடினேன். அதெல்லாம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரகடம் கூட்ரோட்டில் பஸ் நேராகப் போகும்போது இடது பக்கம் படப்பை ரோடு பிரியும் பார், அங்கே வந்தால்தான் மனது கெட்டுப்போகும். அந்த ரோட்டின் கோடியில் ஒரு வீடு இந்நேரம் பளபளவென்று இருக்கும், டப்பாவெல்லாம் வரிசையாக நிற்கும், ஒருத்தி காலை நீட்டிக்கொண்டு என் மகள் கையால் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைப்பேன். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வரும். உன் அத்தையை அப்போது நான் மனதுக்குள் 'ஒருத்தி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். உனக்குத் தெரிந்தால் போதும்.

சித்திரையில் ஒரு வார விடுமுறை நாளில் ஒரு பை மாம்பழம் வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் படப்பைக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சொல்லாமல் வந்ததற்குக் காரணம் இருந்தது. உன்னை எப்படி வேலை வாங்குகிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தேன். கதவு திறந்தே இருந்தது. வாசலில் செருப்பெல்லாம் திசைக்கு ஒன்றாகக் கிடந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. உன் அத்தையின் தையல் மிஷினைச் சுற்றிலும் ரவிக்கைத் துண்டுகள், நூல், கொக்கி. கட்டிலுக்கு அடியில் மாப்பிள்ளையின் ஒயர்ச் சுருள்கள். உச்சி வெயில் நேரத்தில் காலைப் பாத்திரம் கழுவாமல் கிடந்தது. அத்தனைக்கும் நடுவில் நீ தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். உன் அத்தை கத்தரிக்கோலைக் காணோம் என்று துணிக்குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார். நீயும் கிளறினாய். மாப்பிள்ளை உள்ளேயிருந்து, "எம்மா, என் டெஸ்டரைப் பாத்தியா?" என்று கத்தினார். "போன வாரம் வெண்டைக்காய்க் கூடைல கெடந்துச்சுடா, அங்க பாரு" என்றார் உன் அத்தை. "அத்த, அந்த வெண்டைக்காயை நான் கொழம்பு வெச்சிட்டேனே" என்றாய் நீ. மூன்று பேரும் சிரித்தீர்கள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பக்கவாட்டில் சாய்ந்து சிரித்தாய்.

அமுதா, உன் சிரிப்பு எனக்குத் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ரேடியோவில் யாராவது தமாஷாகப் பேசினால் வாயை மூடிக்கொண்டு லேசாகச் சிரிப்பாய், அவ்வளவுதான். இப்படிச் சாய்ந்து சிரித்ததை நம் வீட்டில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. வாசற்படியில் மாம்பழப் பையோடு நின்றுகொண்டு, இதை எனக்குத் தெரியாமல் எங்கே வைத்திருந்தாய் என்று யோசித்தேன். அடுத்த நிமிடம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பின் மேல் கோபப்பட முடியாதே, அதனால் வீட்டின் மேல் பட்டேன். "இன்னாம்மா இது, வூடா இது? நீ இருக்கற வூடு இப்படியா இருக்கும்?" என்றேன்.

அப்புறம் நடந்ததை நீ கவனித்திருக்க மாட்டாய். நான் பார்த்தேன். என் குரல் காதில் விழுந்ததும் நீ துள்ளி எழுந்தாய். "வாப்பா" என்றுகூடச் சொல்லவில்லை, அதற்குள் கை துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டது. உதடு இறுகிப்போனது. கண் அந்த அறையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை பார்த்துக்கொண்டே போனது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். நம் வீட்டில் தினமும் நான் பார்த்த முகம். உன் இயல்பே அதுதான் என்று பஸ்ஸில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த முகம்.

உன் அத்தை உன் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "ஏய், உக்காருடி. வந்துகீறது உங்க அப்பாதானே? இன்ஸ்பெக்டரா?" என்றார். நீ உள்ளே தண்ணீர் எடுக்கப் போனபோது என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்கண்ணே. வந்த புதுசுல இது விடியறதுக்கு முன்னாடியே எழுந்து பெருக்கிக்கினு இருக்கும். ஒரு டம்ளர் கீழ வுழுந்தாகூட வெலவெலத்துப் போய்த் திரும்பிப் பாக்கும். யாரைடி பாக்கறன்னு கேட்டேன். அப்பாவுக்கு பஸ் போயிடும்னுச்சு. இங்க எந்த பஸ்ஸும் இல்ல, தூங்குடின்னு சொல்லிச் சொல்லித்தான் இப்போ உக்காந்து சிரிக்குது." அதைச் சொல்லிவிட்டு, மாம்பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மிஷின் மேலேயே வைத்தார்.

நான் சாப்பிட்டேன், கிளம்பினேன். மறுநாள் பஸ்ஸில் பலராமனிடம், "சம்பந்தி வூடு சுத்த மோசம்ப்பா, கால் வெக்க எடமில்ல" என்று ஆரம்பித்தேன். அவன் கேட்டுவிட்டு, "பொண்ணு எப்படி கீது?" என்றான். "சிரிச்சிக்கினு கீது" என்றேன். "அப்புறம் இன்னாய்யா உனக்கு?" என்றான். எனக்கு என்ன என்று அவனிடம் எப்படிச் சொல்வது? பத்து வருஷம் பக்கத்திலேயே இருந்த எனக்குக் கிடைக்காத ஒன்று, சித்திரைக்குள் இன்னொரு வீட்டுக்குக் கிடைத்துவிட்டது. கத்தரிக்கோல் எங்கே என்று தெரியாத ஒரு வீட்டுக்குக் கிடைத்துவிட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆடிக்கு உன்னைக் கூட்டி வர வேண்டும். அதற்குள் வீட்டை மாற்றிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஏதோ நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. முழுக்க முழுக்கப் போட்டிதான். அங்கே நீ காலை நீட்டி உட்கார்ந்தால் இங்கே படுத்துப் புரள வேண்டும், இங்கே உனக்குச் செய்ய ஒரு துரும்பு வேலை மிச்சம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். முதல் விடுமுறை நாளிலேயே வீட்டிலுள்ள சாமான் எல்லாவற்றையும் வாசலில் எடுத்துப் போட்டேன். மத்தியானத்துக்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதி சாமான் நான்கு நாள் வெயிலிலேயே கிடந்தது. அதனால் முதலில் இதைக் கேட்டுக்கொள். மொத்த வீட்டையும் ஒரே நாளில் சரி செய்யப் பார்க்காதே. உலை கொதிக்கிற நேரத்துக்கு ஒரு அலமாரித் தட்டு போதும். சோறு வெந்ததும் நிறுத்திவிடு. மிச்சத்துக்கு நாளைக்கும் சோறு வடிக்கத்தானே போகிறாய்.

அடுத்து தீப்பெட்டி. அதைச் சாமி படத்துக்குக் கீழே வைப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் அடுப்பு பற்ற வைக்கப் போகும்போதெல்லாம் கை ஸ்டவ்வுக்கு இடது பக்கம் போய்த் துழாவியது. ஒரு வாரம் அந்தக் கையோடு சண்டை போட்டேன். பிறகு அலுத்துப்போய், துழாவுகிற இடத்திலேயே தீப்பெட்டியை வைத்தேன். அதோடு தேடுகிற வேலை ஒழிந்தது. அன்றிலிருந்து எதை எங்கே வைப்பது என்று நான் யோசிப்பதே இல்லை. ஒரு பொருளைத் தேடும்போது கை முதலில் எங்கே போகிறது என்று பார்ப்பேன். கிடைத்ததும் அதை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவேன். வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேருடைய கையையும் பார்க்க வேண்டும். உன் அத்தையின் கத்தரிக்கோலுக்குப் பெட்டி எதுவும் வாங்காதே. மிஷினில் அவர் உட்கார்ந்தால் வலது கை எங்கே தொங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடு.

ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு வெறும் கையோடு நடக்காதே. சமையலறைக்குப் போகிறாயா, கூடத்தில் கிடக்கிற டம்ளரை எடுத்துக்கொண்டு போ. தோட்டத்துக்குப் போகிறாயா, கழுவ வேண்டியதைக் கையோடு கொண்டு போ. வேலை என்று தனியாக உட்கார வேண்டாம், போகிற போக்கிலேயே பாதி முடிந்துவிடும். கம்பெனியில் பீஸ் எடுத்துக்கொண்டு போகிறவன் திரும்பும்போது காலி ட்ரேயோடுதான் வருவான். இத்தனை வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தும் வீட்டில் செய்ய எனக்குத் தோன்றவில்லை. டப்பாவில் நீ ஒட்டின காகிதமெல்லாம் சோற்றுப் பசைக்காக எலி தின்றுவிட்டது. நான் மறுபடியும் ஒட்டினேன், அதையும் தின்றது. கடைசியில் கம்பெனியில் இரும்பில் கோடு கிழிக்கிற கூர்முனைக் கம்பி ஒன்று என்னிடம் இருந்தது, அதை வைத்து மூடியிலேயே மிளகாய், தனியா என்று கீறிவிட்டேன். எழுத்து கோணல்தான். ஆனால் எலிக்கு இனிமேல் வேலையில்லை.

காலையில் யோசிக்கிற வேலை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. தூக்கத்தில் இருக்கிற கை தானாகச் செய்கிற வேலை மட்டும்தான் இருக்க வேண்டும். சாயங்காலமே அரிசியை அளந்து பானையில் போட்டு மூடிவிடு. வெங்காயத்தை உரித்து வை. நாளைக்குக் கட்டப் போகிற புடவையிலிருந்து ஊக்குவரை ஒரே இடத்தில் இருக்கட்டும். பஸ்ஸுக்குச் சில்லறையைத் தனியாக முடிந்து செருப்புக்கு மேலே தொங்கவிடு, அதைத் தாண்டித்தானே வெளியே போக வேண்டும். ரேஷன் கார்டு, கரண்ட் கார்டு, டாக்டர் சீட்டு எல்லாம் ஒரே மஞ்சப்பையில் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கட்டும். யார் வந்து எதைக் கேட்டாலும் பையோடு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுப் பையோடு திரும்ப மாட்டிவிட வேண்டும். உடைந்த குடையை என்றைக்காவது ரிப்பேர் செய்யலாம் என்று வைத்துக்கொள்ளாதே. நம் பரணில் அப்படி ஒரு குடைக் குடும்பமே இருந்தது. எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். நல்லது ஒன்று மட்டும் இருந்தால்தான் அது எங்கே இருக்கிறது என்று நமக்கு நினைவிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்ல மனமில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் சரியில்லை. இது உன் அத்தை சொன்னது. ஒரு நாள் பெருக்கவில்லை என்றால் வீடு இடிந்து விழுந்துவிடாது. மேலே நான் எழுதியதில் எதுவாவது ஒரு நாள் முடியாமல் போனால் அவர் சொன்னதை நினைத்துக்கொள். முக்கியமாக இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒண்டியாக இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. சாப்பிட உட்காரும்போது மாப்பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல். அவர் டெஸ்டருக்கு அவர்தான் ஆணி அடிக்க வேண்டும். ஒரு வீட்டை ஒழுங்காக வைக்கிற வேலையை ஒரே ஆளிடம் விட்டால் அந்த ஆள் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். அங்கே அப்படி நடக்க விடாதே.

இனி ஆடி மாதக் கதைக்கு வருகிறேன். உன்னைக் கூட்டி வந்த மறுநாள் விடியற்காலையில் பழக்க தோஷத்தில் எழுந்து சமையலறைக்குப் போனாய். நான் கூடத்தில் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. குடமெல்லாம் நிரம்பியிருந்தது. வாசல்கூடத் தெளித்தாகிவிட்டது. குட மூடிகளை நீ ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு என்னை உலுக்கி எழுப்பினாய். சந்தோஷமாக ஏதாவது சொல்லப் போகிறாய் என்று எழுந்து உட்கார்ந்தேன். "யாருப்பா வந்துட்டுப் போறாங்க?" என்றாய். குரலே சரியில்லை. "யாரும் வரலியேம்மா." "பொய் சொல்லாத. ஸ்டவ்வு பக்கத்துல கரித்துணி தனியா மடிச்சு கீது. ஆம்பளைக்கு அதெல்லாம் தோணாது. பக்கத்து வூட்டு சரோஜாக்காவா?" அமுதா, அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? உன் கண்ணில் இருந்தது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தை மாதத்திலிருந்து நான் அதோடுதான் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன். அதனால் மறுபடி மறுத்துச் சொல்லாமல் கொஞ்சம் தவிக்க விட்டேன்.

நீ விடவில்லை. அடிபம்புக்குப் போய் சரோஜாவிடமே கேட்டுவிட்டு வந்தாய். அவள் சிரித்த சிரிப்பு நம் வீட்டுக்குள் கேட்டது. "நானா? உங்கப்பன் என்னை உள்ளயே வுடறதில்லடி. செருப்பைக் கண்ட எடத்துல வுடறனாம். கொழம்பு கேட்டு வந்தா வாசல்லயே கிண்ணத்தை வாங்கிக்கிறாரு" என்றாள். நீ திரும்பி வந்து கதவில் சாய்ந்துகொண்டு, டப்பா மூடிகளில் நான் கீறி வைத்த கோணல் எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாய். "அப்போ நான் போனப்புறம் நீ எதையுமே தேடலியாப்பா?" என்று கேட்டாய். நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன். "சாமான் எல்லாம் தேடாமயே கெடச்சிடுதும்மா. உன்னைத்தான் தேடிக்கினு கெடந்தேன்" என்றேன். நீ உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "காப்பி போடு, பாக்கலாம்" என்றாய். போட்டேன். இந்த முறை சர்க்கரைதான் போட்டேன்.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் உன் கை சும்மா இல்லை. மடித்ததை மறுபடி மடிப்பாய், கவிழ்த்ததை நகர்த்தி வைப்பாய். ஒரு நாள் சீப்பை அரிசி டின் மேல் விட்டுவிட்டுப் போனாய். நான் அதைத் தொடவில்லை. மறுநாள் ஈரத் துண்டு நாற்காலி மேல் கிடந்தது. பிறகு வாரப் பத்திரிகை, பாதி தைத்த தலையணை உறை, பொரி தின்ற கிண்ணம் என்று ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. ஒரு நாள் இரண்டாம் ஷிப்டுக்கு நான் கிளம்புகிறவரை நீ போர்த்திக்கொண்டு தூங்கினாய். டிபன் பாக்ஸைச் சத்தம் வராமல் மூடிக்கொண்டு, மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனேன். அன்றைக்கு பஸ்ஸில் பலராமனிடம், "என் பொண்ணு இன்னும் எழுந்திருக்கல" என்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் உன்னைப் பற்றி நான் அடித்துக்கொண்ட பெருமையில் அதுதான் பெரியது. அவனுக்குப் புரியவில்லை. ஏன், உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

ஆவணி பிறந்து உன்னை அழைத்துப் போக மாப்பிள்ளையும் உன் அத்தையும் வந்தார்கள். நான் முதல் நாளே ஒருமுறை துடைத்து வைத்திருந்தேன். உன் அத்தை உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். மூடியில் கீறின எழுத்தைப் படித்தார். வரிசையாக நிற்கிற டப்பாவைப் பார்த்து வாயைப் பிளப்பார் என்று காத்திருந்தேன். அவர் அதையெல்லாம் தாண்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார். அங்கே நீ கிளம்ப வேண்டிய நேரத்திலும் குளிக்காமல், தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, சுற்றிலும் புடவையும் வளையலும் பத்திரிகையும் இறைந்து கிடக்க நடுவில் படுத்திருந்தாய். "வாங்க அத்த" என்று படுத்தபடியே சொன்னாய். உன் அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தக் குவியலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏண்டி, நம்ம வூட்லகூட நீ இவ்ளோ போட்டு வெச்சதில்லியே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு சின்ன முள் இருந்தது. மாப்பிள்ளைக்கு அது தெரிந்திருக்காது, உனக்கும் தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் தெரிந்தது. அவருக்கு மட்டும் ஒரு அப்பளம் அதிகமாகப் பொரித்துப் போட்டேன்.

அந்த சந்தோஷம் ரோட்டு முனை வரைக்கும் தாங்கியது. மாப்பிள்ளை வேலை இருக்கிறது என்று மொபெட்டில் முன்னால் போய்விட்டார். உங்கள் பஸ் வந்தது, நல்ல கூட்டம். உன் அத்தைக்கு எப்படியோ உட்கார இடம் கிடைத்தது. நீ என்னிடம் தலையை ஆட்டிவிட்டு ஏறினாய். வைக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்காமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், உன் பையை அவர் மடியில் வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவரும் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். நான் கீழே நின்று அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் நகர்ந்தபோது நீ கை ஆட்டினாயாம். வழியனுப்ப வந்திருந்த சரோஜாதான் சொன்னாள். நான் பார்க்கவில்லை.

தலைதீபாவளிக்கு எல்லாரும் வந்துவிடுங்கள். உன் அத்தையையும் கட்டாயம் கூட்டி வா, நான் கூப்பிட்டதாகச் சொல். வழியெல்லாம் பை அவர் மடியிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். ரோட்டு முனையில் நான் நிற்பேன். இறங்கியதும் அதை என்னிடம் கொடுத்துவிடு.

அப்பா